படிப்பும் உழைப்பும்: கல்லூரியில் வேலை பார்க்கும் மாணவருக்கு ஒரு பாடம்

அல்லாஹுத்தஆலா மனிதனுக்கு அளித்திருக்கும் நிஃமத்துகளில் காலத்துக்கு இணையானது வேறொன்றில்லை. செல்வம் ஒருவருக்குக் கூடுகிறது, மற்றொருவருக்குக் குறைகிறது. அறிவும் அழகும் அவ்வாறே. ஆனால் நாளொன்றின் 24 மணி நேரம் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே அளவுதான். திருக்குர்ஆனின் 103ஆவது அத்தியாயத்துக்குக் காலம் என்பதே பெயராக அமைந்திருப்பதை நாம் அறிவோம். நாள்தோறும் தொழுகையில் அதை ஓதுகிறோம். ஓதுகிறவர்களுள் எத்தனை பேர் தம் காலத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

இக்கேள்வி எல்லோருக்கும் உரியது. ஆயினும் படித்துக்கொண்டே வேலையும் பார்க்க வேண்டிய மாணவ மாணவியருக்கு இது மிக நெருக்கமானது. நம் பிள்ளைகள் பலர் உயர்கல்விக்காக அமெரிக்கா போன்ற நாடுகளுக்குச் செல்கிறார்கள். ஊரில் இருந்தவரை அவர்களுக்குப் படிப்பு ஒன்றே வேலை. அங்கே சென்றதும் சமையல், துணி துவைத்தல், கல்லூரிப் பாடம், அதனுடன் ஊதியத்துக்கான வேலை என்று நான்கும் ஒரே தலையில் ஏறுகின்றன. சிலர் இவற்றைச் சமாளித்துச் சிறப்பாகத் தேறுகிறார்கள். சிலர் வேலையைப் பிடித்துப் படிப்பை விட்டுவிடுகிறார்கள். அவ்விருவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் அறிவில் இல்லை; முறையில்தான் இருக்கிறது. அந்த முறை யாதென்பதை இப்பாடத்தில் காண்போம்.

வளாக வேலை என்பது என்ன?

மாணவர் தாம் படிக்கும் கல்லூரிக்குள்ளேயே சில மணி நேரம் வேலை பார்த்து ஊதியம் பெறுவதை வளாக வேலை என்கிறோம். நூலகத்தில் புத்தகங்களை அடுக்குவது, உணவுக்கூடத்தில் பரிமாறுவது, விடுதி வாசலில் மேசையருகே அமர்ந்து வருவோர் போவோரைக் கவனிப்பது, கம்ப்யூட்டர் கூடத்தில் உதவுவது, கீழ் வகுப்பு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் துணை நிற்பது ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பாத்திரம் கழுவுகிறார்கள். அதை யாரும் இழிவாக எண்ணுவதில்லை.

இது நேற்று வந்த பழக்கமன்று. கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தொடங்கப்பட்ட பெரியா கல்லூரி 1892 முதல் மாணவரிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1872இல் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே துப்புரவு வேலை செய்து படித்தார். பின்னர் 1881இல் டஸ்கீகி கல்விக்கூடத்தின் தலைவராகி, மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுத்துக் கட்டடங்களை எழுப்பினார். 1922இல் அமெரிக்கா சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயண் திராட்சை பறித்தும் பாத்திரம் கழுவியும் தம் படிப்பை நடத்தினார்.

1964இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றி, ஏழை மாணவருக்கு இத்தகைய வேலை கொடுக்கும் கல்லூரிகளுக்கு நிதியுதவி அளிக்கத் தொடங்கியது. அவ்வரசு நிதியிலிருந்து ஊதியம் பெறும் வேலைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை போன்ற தகுதி பெற்றோருக்கும் மட்டுமே உரியவை. நம் பிள்ளைகள் இதை அறியாமல் அவ்வேலைகளுக்கு மனுப் போட்டுக் காலத்தை வீணாக்கக் கூடாது. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து ஊதியம் கொடுக்கும் வேலைகள் தனியே உள்ளன. அவற்றையே நாட வேண்டும்.

ஸஹாபாக்கள் காட்டிய வழி

படிப்பையும் பிழைப்பையும் ஒருங்கே நடத்துவது நம் மார்க்கத்தில் புதிய செய்தியா? அன்று. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்தார்கள். அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவர் அண்டை வீட்டுக்காரராக இருந்தார். இருவருக்கும் குடும்பம் உண்டு, பிழைப்பும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் சபையைத் தவறவிடவும் மனமில்லை. ஆகவே இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒருவர் சபைக்குச் செல்வார். மறுநாள் மற்றவர் செல்வார். சென்றவர் அன்று அருளப்பட்ட வஹீயையும் ஏனைய செய்திகளையும் திரும்பி வந்து வீட்டிலிருந்தவருக்கு எடுத்துரைப்பார். ஹதீஸ் நூல்களில் காணப்படும் இச்செய்தி ஆலிம்கள் அனைவரும் அறிந்ததாகும்.

இதில் மாணவருக்கு மூன்று படிப்பினைகள் இருக்கின்றன. முதலாவது, அவர்கள் கல்விக்காகப் பிழைப்பைக் கைவிடவில்லை. பிழைப்புக்காகக் கல்வியையும் கைவிடவில்லை. இரண்டாவது, தம்மால் முழுமையாக இயலாதென்று கண்டபோது ஒரு துணையைத் தேடிக்கொண்டார்கள். மூன்றாவது, அத்துணை நம்பிக்கைக்குரியவராக இருந்தார். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்த்தார். இன்று வகுப்பில் உடன் படிப்பவருள் ஒழுங்கான ஒருவரைத் தேர்ந்து, பாடக் குறிப்பைப் பரிமாறிக்கொள்வதும் சேர்ந்து படிப்பதும் இவ்வழியைச் சார்ந்ததே. ஆனால் பாடத்தைப் பகிர்வது வேறு. அவர் எழுதியதைப் பார்த்து எழுதி நம் பெயரில் ஒப்படைப்பது வேறு. முன்னது உதவி, பின்னது திருட்டு.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகம் செய்துகொண்டே மார்க்கக் கல்வி போதித்தார்கள். அவர்களிடம் ஓதிய அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் வறிய குடும்பத்தில் பிறந்தவர்கள். வீட்டின் நெருக்கடியால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்லும் நிலை ஏற்பட்டபோது, இமாம் அவர்கள் தம் வணிக வருவாயிலிருந்து பொருளுதவி செய்து அவர்களை ஓத வைத்தார்கள் என வரலாறு கூறுகிறது. பிற்காலத்தில் அம்மாணவரே கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக விளங்கினார்கள். எல்லா மாணவருக்கும் வேலையே மருந்தன்று. சிலருக்கு உதவியே மருந்து என்பதை இது உணர்த்துகிறது. இதைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

ஒரு வாரத்தின் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். இதற்கு மேல் ஒரு நிமிடமும் எவருக்கும் இல்லை. இனி ஒரு மாணவரின் வாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பாடத்தைக் கிரெடிட் என்ற அளவால் அளக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பும் ஆகும். நாலாண்டுப் பட்டத்துக்குச் சாதாரணமாக 120 கிரெடிட் தேவை. எட்டுப் பருவங்களில் முடிக்க வேண்டுமானால் பருவத்துக்கு 15 கிரெடிட் வீதம் எடுக்க வேண்டும். அதாவது 15 மணி வகுப்பு, 30 மணி சொந்தப் படிப்பு, ஆக 45 மணி. அங்கே புதிதாகச் செல்லும் நம் மாணவர் பலர் முதல் 15 மணியை மட்டும் பார்த்து, "வகுப்பு குறைவாக இருக்கிறதே" என்று மகிழ்கிறார்கள். பின்னாலுள்ள 30 மணி அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடறும் இடம் இதுதான்.

45 மணிப் படிப்புடன் 20 மணி வேலையைச் சேர்த்தால் 65. நாளுக்கு 7 மணித் தூக்கம் என்றால் வாரத்துக்கு 49, ஆக 114. சமையல், உணவு, குளியல், துணிமணி ஆகியவற்றுக்கு நாளுக்கு 3 மணி, வாரத்துக்கு 21, ஆக 135. ஒளூவும் ஐவேளைத் தொழுகையும் நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு 7, ஆக 142. போக்குவரத்துக்கு நாளுக்கு ஒரு மணி என்று இன்னொரு 7, ஆக 149. மீதி 19 மணி. நாளுக்கு மூன்று மணிக்கும் குறைவு.

கடைக்குப் போவது, வீட்டாருடன் தொலைபேசியில் பேசுவது, காய்ச்சலில் படுப்பது, நண்பர் வீட்டு விருந்து எல்லாம் இந்த 19 மணிக்குள் அடங்க வேண்டும். பொறியியலும் விஞ்ஞானமும் பயில்வோருக்கு ஆய்வுக்கூட வேலை வேறு உண்டு. ஒரே கிரெடிட் உள்ள ஆய்வுக்கூடப் பாடம் மூன்று மணி நேரம் நிற்க வைத்து, அறிக்கை எழுத மேலும் நேரம் கேட்கும். அப்போது இந்த 19 மணியும் கரைந்து தூக்கத்தில் கை வைக்க நேரிடும். தூக்கம் குறைந்தால் முதலில் பறிபோவது சுபுஹுத் தொழுகை. அடுத்துப் பறிபோவது காலை வகுப்பு.

அதே மாணவர் 20 மணிக்குப் பதில் 10 மணி மட்டும் வேலை பார்த்தால் மீதி 29 மணி. நாளுக்கு நான்கு மணிக்குச் சற்று மேல். மூச்சுவிட இடமிருக்கும். படிக்கும்போது வாரத்துக்கு 15 மணிக்கு மேல் வேலை பார்க்கும் மாணவரிடம் மதிப்பெண் குறையும் போக்கு காணப்படுகிறதென, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கல்வி, தொழில் ஆய்வு மையம் 2018இல் வெளியிட்ட அறிக்கையும் கூறுகிறது. ஆகவே முதற்பருவத்தில் 10 மணியுடன் தொடங்குவது நல்லது. அப்பருவத்தின் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கூட்டுவதா, அப்படியே விடுவதா என முடிவு செய்யலாம்.

சட்டத்தின் எல்லை

எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் சென்றவர், பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரையே வளாகத்தில் வேலை பார்க்கலாம். நீண்ட விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். இது வாரந்தோறும் தனித்தனியே பார்க்கப்படும் கணக்கு. இந்த வாரம் 15 மணி பார்த்தேன், அடுத்த வாரம் 25 மணி பார்த்துச் சரிக்கட்டுகிறேன் என்பது செல்லாது. இரண்டு இடங்களில் வேலை பார்த்தால் இரண்டும் சேர்ந்தே 20 மணி. மேற்பட்டம் பயில்வோர் பேராசிரியருக்குக் கற்பித்தலிலோ ஆய்விலோ துணைபுரிய 20 மணி நேரப் பணி பெற்றிருந்தால், அதற்கு மேல் நூலகத்தில் ஒரு மணியும் சேர்த்துக்கொள்ள இயலாது. இளநிலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். வேலையைச் சாக்கிட்டு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியின்றிப் பாடத்தைக் கைவிட்டால் அதுவும் குற்றமாகும்.

20 மணி என்பது சட்டம் தாண்ட விடாத வேலி. அவ்வளவும் உழுதே தீர வேண்டும் என்பது அதன் பொருளன்று.

இங்கே ஒரு பெரும் சோதனை காத்திருக்கிறது. வளாகத்துக்கு வெளியே பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கணக்கில் வராமல் கையில் காசு தருகிறார்கள். "எல்லோரும் செய்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது" என்று சொல்ல ஆளும் இருக்கிறார்கள். அனுமதியின்றி வெளியே வேலை பார்ப்பவர் தம் மாணவர் தகுதியையே இழக்கிறார். வேறு காரணங்களால் அத்தகுதியை இழந்தோருக்கு மனுச் செய்து மீட்கும் வழி ஒன்றுண்டு. இவருக்கு அவ்வழியும் அடைபட்டுப் போகிறது. தந்தை வாங்கிய கடன், தாய் அடகு வைத்த நகை, இரண்டாண்டு உழைப்பு ஆகிய அனைத்தும் சில நூறு டாலர்களுக்காகப் போய்விடும்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, ஒப்பந்தம் என்பதாலும் இதைப் பேண வேண்டும். விசாவுக்காகக் கையெழுத்திட்டபோது, இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். வாக்குறுதியைக் காப்பது முஃமினின் அடையாளம் அன்றோ! வேறு நாடுகளில் எல்லை வேறுபடும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவகாலத்தில் வாரம் 20 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு 48 மணி. எந்நாடாயினும் அங்குள்ள விதியைக் கல்லூரி அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும். அறைத்தோழர் சொல்லை நம்பி நடக்கக் கூடாது.

எவ்வேலையைத் தேர்ந்தெடுப்பது?

ஊதியத்தை மட்டும் பார்த்து வேலையைத் தேர்வது தவறு. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வகுப்புக்கும் வேலைக்கும் இடையே நடைதூரம் எவ்வளவு? வேலை நேரம் பருவம் முழுதும் நிலையானதா, வாரந்தோறும் மாறுவதா? பரீட்சைக் காலத்தில் குறைத்துக்கொள்ள முடியுமா? இவ்வேலையால் என் படிப்புக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா?

கணக்கோ இரசாயனமோ பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவர் தம் அடிப்படைப் பாடத்தை மறவாமல் இருப்பார். ஆய்வுக்கூடத்தில் துணை நிற்பவருக்குப் பேராசிரியரின் பழக்கமும் பின்னாளில் அவருடைய நற்சான்றும் கிடைக்கும். நூலகத்திலும் விடுதி மேசையிலும் சில வேளைகளில் கூட்டமிருக்காது. மேலாளர் அனுமதித்தால் அப்போது புத்தகத்தைத் திறக்கலாம். உணவுக்கூடத்தில் வேலை எளிதில் கிடைக்கும். ஆனால் நின்றுகொண்டே செய்யும் வேலை. உடல் களைத்த பின் படிப்பு ஏறாது.

உணவுக்கூடத்தில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பன்றி இறைச்சியைச் சமைக்கும், பரிமாறும் பகுதிகள் அங்கே இருக்கும். சேரும் நாளிலேயே மேலாளரிடம் பணிவாகச் சொல்லி, காய்கறிப் பகுதியையோ காசு வாங்கும் மேசையையோ கேட்டுப் பெறலாம். இயலாதெனில் வேறு வேலை தேடுவதே மேல். ஐயமுள்ள இடங்களில் தமக்குத் தெரிந்த ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். வயிற்றுக்குள் போவது ஹலாலா என்று பார்ப்பவர், அது வந்த வழியையும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

வேலை ஓர் அமானத்து

"கல்லூரி வேலைதானே, சும்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் காசு" என்று எண்ணுவோர் உண்டு. வேலைக்கு வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் மாணவரே பதிவு செய்யும் முறை பல இடங்களில் இருக்கிறது. பத்து நிமிடம் தாமதித்து வந்துவிட்டு முழு மணியென எழுதுவதும், வராத நண்பருக்காக அவர் பெயரைப் பதிவு செய்வதும், கூட்டம் நிற்கும்போது புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்வதும் அமானத்தில் செய்யும் மோசடிகளே. அந்தப் பத்து நிமிடத்தின் கூலி ஹலாலாகாது. சிறு தொகை என்பதால் அது சிறு பாவமாகிவிடாது.

மறுபக்கத்தையும் மறக்கலாகாது. பெற்றோர் பணம் கட்டியதும் கல்லூரி இடமளித்ததும் படிப்புக்காகவே. கூடுதல் ஊதியத்துக்கு ஆசைப்பட்டு வகுப்பைத் தவறவிடுபவர் அந்த அமானத்தைப் பாழாக்குகிறார். மேலாளருக்கு நேர்மையாகவும் பெற்றோருக்கு நேர்மையற்றவராகவும் ஒருவர் இருக்க முடியாது.

தொழுகையும் வேலை முறையும்

நம் ஊரில் தொழுகை நேரங்கள் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அங்கே செல்பவர் ஒரு செய்தியை எதிர்பார்ப்பதில்லை. சிகாகோ நகரை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையும் நேரம் இரவு எட்டரை மணியளவு. டிசம்பரிலோ மாலை நாலேகால் மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் மக்ரிப் வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பதும் இதற்கொரு காரணம். செப்டம்பரில் பகல் 1 மணி முதல் 5 மணி வரை வேலை என்று ஒப்புக்கொண்டவருக்கு, அப்போது அதற்குள் அஸர் மட்டுமே வரும். டிசம்பரில் அதே நான்கு மணி நேரத்துக்குள் அஸர், மக்ரிப் ஆகிய இரண்டும் வந்துவிடும். மக்ரிபின் வக்தோ குறுகியது.

எனவே பருவத் தொடக்கத்திலேயே பருவம் முடியும் வரைக்குமான தொழுகை நேரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே வேலை நேரத்தைக் கேட்க வேண்டும். மேலாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "எனக்கு இன்ன மாதத்தில் இன்ன நேரத்தில் பத்து நிமிடம் தேவை, அதை முன்னதாக வந்தோ பின்னர் தங்கியோ ஈடு செய்கிறேன்" என்று கூறினால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. சொல்லாமல் காணாமல் போவதே சினத்தை உண்டாக்கும். தொழிலாளியின் மத அனுஷ்டானத்துக்கு நியாயமான இடமளிக்க வேண்டுமென அந்நாட்டின் 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. அதனால் தொழிலுக்குக் கணிசமான சுமை ஏற்படும் என்று காட்டினாலன்றி முதலாளி மறுக்கலாகாதென 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் துணை நிற்பது நல்லதே. எனினும் சட்டத்தைக் காட்டிக் கேட்பதைவிட நல்ல வேலைக்காரர் என்று பெயர் வாங்கிக் கேட்பது எளிது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வகுப்போ வேலையோ வராதபடி பாடங்களைத் தேர்வு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். 1963இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான முஸ்லிம் மாணவர் சங்கத்துக்கு இன்று பல கல்லூரிகளில் கிளைகள் இருக்கின்றன. ஜும்ஆ நடக்கும் இடத்தையும் தொழும் அறையையும் அவர்களிடம் கேட்டறியலாம். 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரியில், பருவத்தின் நடுவே தொடங்குகிறது. அம்மாதத்தில் இஃப்தார் நேரத்தில் வேலை வராமலிருக்க முஸ்லிமல்லாத உடன் பணியாளருடன் நேரத்தை மாற்றிக்கொண்டு, அவர்களுடைய பண்டிகை நாளில் அவர்களுக்காக நாம் நிற்கலாம். இதனால் வேலையும் நடக்கும்; நல்லெண்ணமும் வளரும்.

பரீட்சைக் காலம்

அங்கே பருவத்தின் முதல் வகுப்பிலேயே பாடத்திட்டத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். எந்த நாளில் எந்தத் தேர்வு, எந்தக் கட்டுரையை என்று ஒப்படைப்பது என அதில் பெரும்பாலும் குறித்திருக்கும். எல்லாப் பாடங்களின் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் எழுதினால், மூன்று தேர்வுகள் ஒரே வாரத்தில் விழுவது முன்னதாகவே தெரியும். அந்த வாரங்களை மூன்று வாரத்துக்கு முன்னரே மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, வேலையைக் குறைக்கக் கேட்க வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு கேட்டால் எவரும் உதவ இயலாது.

வீட்டுப்பாடம் இருமுறை தவறுவது, வகுப்பில் தூங்கி விழுவது, சுபுஹு அடிக்கடி களாவாவது, முதல் தேர்வில் மதிப்பெண் எதிர்பார்த்ததற்கு வெகு கீழே இறங்குவது ஆகிய நான்கும் எச்சரிக்கைகள். இவற்றுள் இரண்டைக் கண்டாலும் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். பேராசிரியரையும் பாட ஆலோசகரையும் சந்திக்க வேண்டும். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வதால் பயனில்லை.

"நேரத்தைக் குறைத்தால் வருமானம் போகுமே" என்பர். அதையும் கணக்கிடுவோம். அந்நாட்டு மத்திய அரசு 2009 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், பல மாநிலங்களில் இதைவிட அதிகம். வாரத்துக்குக் கூடுதலாக 10 மணி வீதம் 15 வாரம் உழைத்தால் 150 மணி, இக்கூலியில் 1,087.50 டாலர். அக்கூடுதல் உழைப்பால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் தோற்றுவிட்டால், அதை மறுபடி படிக்க வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் பல பல்கலைக்கழகங்களில் இத்தொகையை விஞ்சிவிடும். ஒரு பருவம் தாமதமானால் இருப்பிடச் செலவும் உணவுச் செலவும் அதற்கு மேல். உழைத்து நட்டப்படுவது என்பது இதுதான்.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகன் மணிக்கு இத்தனை டாலர் வாங்குகிறான் என்று கேட்டதும் அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது நம் வழக்கம். பெருக்கினால் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அவன் செலவழிப்பதும் டாலரில்தான். மேற்கூறிய குறைந்தபட்சக் கூலியில் வாரம் 20 மணி வீதம் 15 வாரம் உழைத்தாலும் பருவத்துக்கு 2,175 டாலரே கிடைக்கும். அது சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் கைகொடுக்கும். படிப்புக் கட்டணத்தை அடைக்காது. வளாக வேலையை நம்பிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவதும், படிக்கும் பிள்ளையிடம் பணம் அனுப்பச் சொல்வதும் அவனைச் சட்டவிரோத வேலைக்குத் தள்ளுவதாகவே முடியும். அவன் தொலைபேசியில் பேசும்போது எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்பதற்கு முன், எவ்வளவு தூங்கினாய், தொழுதாயா, பாடம் எப்படி என்று கேளுங்கள்.

இராமேஸ்வரத்தில் சிறுவராக இருந்தபோது செய்தித்தாள் விநியோகித்து நாலு காசு சம்பாதித்தவர் அப்துல் கலாம் அவர்கள். ஆனால் சென்னையில் பொறியியல் சேரும் வேளை வந்தபோது அந்த உழைப்பு போதவில்லை. அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். மாணவரின் உழைப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் குடும்பமும் சமுதாயமும் கை கொடுக்க வேண்டும். அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களுக்கு ஓர் இமாம் கிடைத்தார்கள். நம் ஊர் ஜமாஅத்துகளும் வசதி படைத்தோரும், திறமையுள்ள ஓர் ஏழை மாணவருக்கு உதவித் தொகையோ வட்டியில்லாக் கடனோ கொடுத்தால், அவர் வாரத்துக்குப் பத்து மணி நேரம் கூடுதலாகப் படிக்க வழி செய்தவர்களாவார்கள். அவர் பெறும் கல்வியின் நன்மையில் அவர்களுக்கும் பங்குண்டு.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. வாரத்தின் 168 மணியையும் தாளில் எழுதிப் பாருங்கள். தொழுகை, தூக்கம், வகுப்பு, சொந்தப் படிப்பு ஆகியவற்றை முதலில் நிரப்பி, மீதியில் வேலையை வையுங்கள்.

2. வகுப்பு ஒரு மணி என்றால் சொந்தப் படிப்பு இரண்டு மணி என்பதை மறவாதீர்கள்.

3. முதற்பருவத்தில் 10 மணிக்கு மேல் வேலை வேண்டாம். எப்பருவத்திலும் சட்டத்தின் எல்லையைத் தாண்ட வேண்டாம்.

4. வேலை நேரத்தில் வேலை, படிப்பு நேரத்தில் படிப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருடாதீர்கள்.

5. தொழுகை நேரமும் தேர்வு நாளும் மேலாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

6. நம்பிக்கையான ஒரு படிப்புத் துணையைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த ஆறினுள் எதுவும் பெரும் அறிவாளிக்கு மட்டும் இயலும் செயலன்று. இன்றிரவே ஒரு தாளும் பென்சிலும் எடுத்து முதலாவதைச் செய்து பார்த்தால், எஞ்சிய ஐந்தின் அவசியம் தானே விளங்கும். நம் பிள்ளைகளின் காலத்திலும் கல்வியிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.